நாற்காலி நகரும் சத்தம்

கோர்ட்டில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. சீனியர் எழுந்தால் ஜூனியர் உட்கார்ந்துவிட வேண்டும். வாக்கியம் பாதியில் நின்றாலும் சரி, கேள்வி தொண்டையில் இருந்தாலும் சரி. ஒரு கட்சிக்கு ஒரே சமயத்தில் இரண்டு வக்கீல் நின்று பேசக்கூடாது, அதற்காக வந்த வழக்கம். நியாயமான வழக்கம்தான். அதில் எனக்குச் சண்டை கிடையாது. சண்டை எல்லாம் என்னோடுதான்.

நானும் ஒரு காலத்தில் அப்படி உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தவள். பெரம்பலூரில் என் சீனியர் பெயரெடுத்த மனுஷன். கெட்டவர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். பண்டிகைக்குப் புடவை எடுத்துக் கொடுப்பார், மழை வந்தால் தன் காரில் பஸ் ஸ்டாண்டு வரை கொண்டுபோய் விடுவார். ஆனால் என்னை வாய்தா வாங்கத் தவிர வேறு எதற்கும் அனுப்ப மாட்டார். "பொம்பளப் புள்ள போய்க் கேட்டா ஜட்ஜ் மறுக்க மாட்டாரும்மா, நீயே போ" என்பார். அடுத்த தேதி கேட்டு வாங்குவதற்கா எங்கப்பா கடலைக் காட்டை வித்து என்னைச் சட்டம் படிக்க வைத்தார்? எப்போதாவது அதிசயமாக ஒரு சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய விடுவார். நான் வாயைத் திறந்து நாலு கேள்வி கேட்பதற்குள் பின்னால் அவர் நாற்காலி நகரும் சத்தம் கேட்கும். உடனே உட்கார்ந்துவிடுவேன்.

பெரம்பலூரிலேயே தனியாக ஆபீஸ் போட்டதும் நான் செய்த முதல் சபதம் இதுதான்: என்னிடம் வரும் பெண்கள் வாய்தா வாங்கும் மெஷினாக இருக்க மாட்டார்கள். சபதத்தைக் காப்பாற்றினேன் என்றுதான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். கோர்ட் வளாகத்தில் பெண்களுக்குக் கக்கூஸ் இல்லாத காலத்தில் மனுமேல் மனு போட்டுக் கட்ட வைத்தவள் நான். எங்கள் சங்கத்து ஆம்பளைகள் கொஞ்ச நாள் என்னைக் 'கக்கூஸ் வக்கீல்' என்று கூப்பிட்டார்கள். கூப்பிடட்டுமே! இன்றைக்கு அரியலூர், பெரம்பலூர் கோர்ட்டுகளில் கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு நிமிர்ந்து நடக்கிற பெண்களில் பாதிப்பேர் என் ஆபீஸில் டீ குடித்தவர்கள். என் தலைக்கனத்துக்கு அது போதாதா?

அவளும் அப்படி வந்தவள்தான். ஆண்டிமடம் பக்கம் முந்திரிக் காட்டுக்காரர் வீட்டுப் பெண், உடையார்பாளையத்தில் கல்யாணம் பண்ணிக் கொடுத்திருந்தார்கள். மெல்லிய குரல், மெதுவான பேச்சு. ஒன்று கேட்டால் உடனே பதில் வராது. முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள், அப்புறம்தான் வாயைத் திறப்பாள். "ஏம்மா, நீ பேசறதுக்குள்ள என் கட்சிக்காரன் கிழவனாயிடுவான்" என்று கேலி செய்வேன். சிரிப்பாளே தவிர வேகம் கூடாது. ஆனால் அவள் எழுதிய மனுவில் ஒரு வார்த்தையை நான் வெட்டியது கிடையாது.

அவளுக்கென்று முதல் கேஸ் எங்கிருந்து வந்தது தெரியுமா? சொந்த மாமியாரிடமிருந்து. அந்த அம்மா தன் அண்ணன் தம்பிமேல் பாகம் கேட்டு வழக்குப் போட விரும்பினார். அப்பா சுயமாகச் சம்பாதித்த முந்திரித் தோப்பு. அப்பா உயில் எழுதாமல் போய்விட்டார். அண்ணன் தம்பிகள் சொன்னது, அவருடைய கருமாதியன்று உறவுமுறை எல்லாம் கூடி உட்கார்ந்து வாய்மொழியாகவே பாகம் பிரித்தாகிவிட்டது, நகை கூடப்பிறந்தவளுக்கு, தோப்பு எங்களுக்கு, அவளும் அன்றைக்கே சம்மதித்தாள் என்று. "நான் எப்ப சம்மதிச்சேன்? யாரு என்னையக் கேட்டா?" என்று அந்த அம்மா என் மேஜைமேல் அடித்துக் கேட்டார். வேறு வக்கீல் வேண்டாம், என் மருமகள்தான் நடத்த வேண்டும் என்பதும் அவர் சொன்னதுதான்.

வீட்டில் மாமனாருக்கு இரண்டுமே பிடிக்கவில்லை. மச்சான்கள்மேல் வழக்கும் பிடிக்கவில்லை, மருமகள் கோர்ட்டுக்குப் போவதும் பிடிக்கவில்லை. கடைசியில் ஒரு பேச்சுக்கு வந்தார். உடையார்பாளையத்தில் தெருவைப் பார்த்து அவர்களுக்கு ஒரு முன்னறை உண்டு. "இந்தக் கேஸை நீயே நின்னு நடத்திக் காட்டு. நானும் வந்து உக்காந்து பாக்கறேன். சரிதான்னு பட்டா அந்த ரூமுல போர்டு மாட்டிக்க. இல்லன்னா இந்த அலைச்சல் போதும்" என்றார். அவள் என்னிடம் இதைச் சொன்னபோது கண் பளபளத்தது. ஜன்னல் எந்தப் பக்கம், மேஜையை எங்கே போடுவது என்றெல்லாம் ஏற்கெனவே யோசித்து வைத்திருந்தாள். அவளுக்கு எல்லாமே அந்தக் கேஸில்தான் இருந்தது.

எதிர்த்தரப்பில் முக்கியமான சாட்சி ஒருவர்தான். மாமியாரின் சித்தப்பா. இரண்டு பக்கத்துக்கும் பொதுவான பெரிய மனுஷர், கருமாதியன்று பேசி முடித்தவர் என்று அண்ணன் தம்பிகள் கூட்டிவந்தார்கள். அவரைக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டிய நாளுக்கு முந்தின சாயங்காலம் அவள் என் ஆபீஸில் நின்றாள்.

"மேடம், ஒண்ணு கேட்டா கோச்சுக்க மாட்டீங்களே?"

"கேளு."

"நாளைக்கு நீங்க வரணுமா?"

எனக்குச் சுருக்கென்றது. "ஏன், நான் வந்தா உனக்கு என்ன?" என்றேன்.

"அதுக்கில்ல மேடம். நான் கொஞ்சம் நிதானமாக் கேப்பேன். நடுவுல சும்மாக்கூட நிப்பேன். உங்களுக்குப் பொறுக்காது."

நான் பெரிதாகச் சிரித்தேன். "அட போம்மா! என்னைய யாருன்னு நெனச்ச? என் சீனியர் மாதிரி ஆளா நான்? பின்வரிசையில உக்காந்துக்கறேன். எழுந்திரிக்க மாட்டேன். சத்தியம்."

அவள் கையை நீட்டவில்லை. நானேதான் அவள் கையைப் பிடித்து உள்ளங்கையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

அன்றிரவு அவள் என் வீட்டிலேயே தங்கினாள். மறுநாள் என் காரிலேயே போனோம். அரியலூர் தாண்டும்வரை சுண்ணாம்புக்கல் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வழியை அடைத்துக்கொண்டு போயின. அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள். நான்தான் வாய் ஓயாமல் பேசினேன். இதைக் கேள், அதைக் கேட்காதே, பதில் தெரியாத கேள்வியைக் கேட்கவே கேட்காதே என்று. அவள் எல்லாவற்றுக்கும் "சரிங்க மேடம்" என்றாள்.

ஜெயங்கொண்டம் கோர்ட்டில் அன்றைக்குக் கூட்டம். மாமனார் வெள்ளை வேட்டியில் சுவரோரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் மாமியார். பின்வரிசையில் இடம் இருந்தது. நான் அங்கே போகவில்லை. வக்கீல்கள் மேஜையில், அவளுக்கு நேர் பின்னால் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். ஒரு சீனியர் பின்னால் போய் உட்கார்ந்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று எனக்கு நானே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டேன்.

பெரியவர் கூண்டில் ஏறினார். அவள் எழுந்தாள்.

"ஐயா, கருமாதி அன்னிக்குப் பந்தி எங்க போட்டாங்க?"

"கொட்டாயில."

"நீங்க முதல் பந்தியில உக்காந்தீங்களா?"

"ஆமா. பெரியவங்க எல்லாம் முதல் பந்தி."

"உங்களுக்கு யாரு பரிமாறினது?"

"அதான், இவதான். எங்கண்ணன் மவ." மாமியாரைக் கைகாட்டினார்.

எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, சோறு போட்டதுக்கும் வழக்குக்கும் என்ன சம்பந்தம் என்றார். நாலு பேர் சிரித்தார்கள். என் காது சூடாகிவிட்டது. நீதிபதி பொறுமையாக, கேட்கட்டும் என்றார்.

"பாகம் பத்தின பேச்சு எப்ப நடந்துச்சுங்க? பந்தியப்பவா, முடிஞ்சப்புறமா?"

"பந்தியிலயே பேசி முடிச்சுட்டம். அப்புறம் அவங்கவங்க ஊருக்குப் போவணுமில்ல."

"அவங்க சம்மதிச்சாங்கன்னு சொன்னீங்க."

"ஆமா. சரின்னா."

"சரின்னு சொல்றப்ப அவங்க எங்க நின்னுகிட்டு இருந்தாங்க, ஐயா?"

பெரியவர் பதில் சொல்லவில்லை. அவளும் வேறு எதுவும் கேட்கவில்லை. அப்படியே நின்றாள். மின்விசிறி ஓடுகிற சத்தம், வெளியே டவாலி வேறு ஏதோ கேஸைக் கூப்பிடுகிற சத்தம். டைப் அடிக்கும் அம்மா விரலைக் கீபோர்டில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். பெரியவர் மாமியாரைப் பார்த்தார். மாமியார் அவரைப் பார்த்தார். நீதிபதி கடிகாரத்தைப் பார்த்தார். நான் மாமனாரைப் பார்த்தேன். அவர் முகத்தைச் சுளித்தார்.

பொண்ணு மாட்டிக்கிட்டா. அப்படித்தான் எனக்குப் பட்டது. கேள்வி மறந்துபோச்சு, தடுமாறுறா, அந்த ஆளு முன்னாடி மானம் போகப் போகுது, முன்னறை போகப் போகுது. இன்னும் கொஞ்சம் பொறுத்திருக்கலாம். என்ன ஆகியிருக்கும்? வானமா இடிந்து விழுந்திருக்கும்? பொறுக்கவில்லையே, பாவி!

என் நாற்காலி கிறீச்சென்று பின்னால் போனது. நான் எழுந்துவிட்டேன்.

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சத்தம் கேட்டதுமே உட்கார்ந்துவிட்டாள்.

"வழக்குச் சொத்துக்குப் பட்டா இன்று வரை கூட்டாகவே இருக்கிறது என்று சொன்னால் சரிதானே?" என்றேன் கம்பீரமாக.

"சரிதாங்க" என்றார் பெரியவர். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. கிணற்றில் விழப்போனவரைப் பிடித்து இழுத்த மாதிரி. இன்னும் அதே மாதிரி இரண்டு மூன்று கேள்வி கேட்டேன். எல்லாம் பட்டாவிலும் வரி ரசீதிலும் ஏற்கெனவே இருக்கிற சங்கதி. எந்தக் கழுதையும் கேட்டிருக்கலாம். நீதிபதி சொல்லச் சொல்ல டைப் ஆனது. அவள் கேட்ட கேள்விக்குக் கீழே, சாட்சி பதில் சொல்லவில்லை என்று அந்த மௌனம் எங்கேயும் ஏறவில்லை. ஏறுவதற்கு நான் நேரம் கொடுக்கவில்லை.

வெளியே வந்ததும் மாமனார் என்னிடம் வந்து கும்பிட்டார். "நல்ல நேரத்துல எந்திரிச்சீங்கம்மா. இல்லன்னா இந்தப் புள்ள கவுத்துருக்கும்." அவள் பக்கத்தில்தான் நின்றாள், கையில் என் பையையும் தன் பையையும் பிடித்துக்கொண்டு. அந்த நிமிஷம் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். இல்லீங்க, அவ சரியாத்தான் போயிட்டு இருந்தா, நான்தான் அவசரப்பட்டுட்டேன். அவ்வளவுதான். சொன்னேனா? புகழ்ச்சியைக் கேட்டதும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். "பழகிடுவாங்க, போகப் போக" என்று வேறு சொன்னேன். எழுந்ததையாவது பயத்தில் செய்துவிட்டேன் என்று சொல்லலாம். இதை எதில் சேர்ப்பது?

திரும்பி வரும்போது காரில் கேட்டேன். "என்னம்மா, நின்னுட்ட? பதட்டமாயிடுச்சா?"

"இல்ல மேடம்."

"பின்ன?"

"அவரு வாயத் தொறந்தாரு மேடம். நீங்க பின்னாடி இருந்தீங்க, தெரிஞ்சிருக்காது."

"என்ன சொல்ல வந்தாரு?"

"தெரியல. அதத் தெரிஞ்சுக்கத்தான் நின்னேன்."

அதற்குமேல் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. உடையார்பாளையத்தில் இறங்கும்போது "போயிட்டு வரேன் மேடம்" என்றாள், வழக்கம்போல.

கேஸ் ஜெயித்தது. தோப்பில் மாமியாருக்குப் பங்கு உண்டு என்று தீர்ப்பு வந்தது. என் பட்டா கேள்வி இல்லாவிட்டாலும் வந்திருக்கும், பத்திரங்கள் அவ்வளவு பலமாக இருந்தன. ஆனால் ஊர்ப்பேச்சு வேறு. சீனியரம்மா எழுந்து ஒரே கேள்வியில் சாட்சியை மடக்கிவிட்டார் என்று. உடையார்பாளையத்திலிருந்து அதற்கப்புறம் என்னைத் தேடி இரண்டு புது கட்சிக்காரர்கள் வந்தார்கள். அவளைத் தேடி யாரும் வரவில்லை.

அடுத்த மாதம் அவள் வாரத்தில் பாதிநாள்தான் வந்தாள். அப்புறம் அதுவும் நின்றது. போன் செய்தால் "வூட்டுல வேல மேடம்" என்பாள். ஒருநாள் அரியலூர் போன வேலை சீக்கிரம் முடிந்தது. உறுத்தல் தாங்காமல் காரை நேராக உடையார்பாளையத்துக்கு விட்டேன். மாமனாரைப் பார்த்து நாலு வார்த்தை பேசி எல்லாவற்றையும் சரிசெய்துவிடலாம் என்று எண்ணம். எனக்குத்தான் எதையும் பேசிச் சரிசெய்துவிடலாமே!

முன்னறையில் செல்போன் ரிப்பேர் கடை வந்திருந்தது. போர்டில் கலர் கலராக விளக்கு.

மாமனார் தோப்புக்குப் போயிருந்தார். மாமியார்தான் உள்ளே கூப்பிட்டு, கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி எடுத்துப் போட்டார். அவள் பின்கட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நான் மென்று முழுங்கி ஒரு வழியாகச் சொன்னேன். "அன்னிக்கு உங்க மருமக தடுமாறலைங்க. நான்தான் எழுந்திருக்கக் கூடாத நேரத்துல எழுந்துட்டேன்."

"எனக்குத் தெரியாதா வக்கீலம்மா?" என்றார் அந்த அம்மா. குரலில் கோபம்கூட இல்லை. "நான் அடுப்படியில நின்னுகிட்டு இருந்தேன். ரசத்த எறக்கிக்கிட்டு. அவங்க பேசினது எதுவும் என் காதுல விழல. எங்க சித்தப்பாவுக்கு அது தெரியும். அன்னிக்குக் கூண்டுல நின்னு என்னையப் பாத்தாரு பாருங்க, எனக்கு ஒடம்பெல்லாம் ஆடிப்போச்சு. சொல்லிருவாருன்னு நெனச்சேன். 'அவள யாரும் கேக்கல'ன்னு அந்த ஒரு வார்த்த அவரு வாயால எல்லார் முன்னாடியும் வந்துரும்னு. தோப்பு வந்துருச்சு, வராமப் போயிருந்தாக்கூட நான் அழுதிருக்க மாட்டேன்."

"அப்புறம் அவரைக் கேட்டீங்களா?"

"கேட்டேன். 'அதான் தீர்ப்பு ஆயிருச்சே, இன்னும் என்ன'ன்னு துண்ட ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டுப் போயிட்டாரு."

"இதை உங்க வீட்டுக்காரர்கிட்ட நான் சொல்றேங்க."

"இப்ப கூடத்துல ஒக்காந்து சொல்லி என்னாவறது? நீங்க எந்திரிச்சது கோர்ட்டுல, நாலு பேரு முன்னாடி." அவ்வளவுதான் சொன்னார். எழுந்து காபி போடப் போய்விட்டார்.

என் சீனியரை எத்தனை மேடையில் கேலி செய்திருப்பேன். அவர்கூடச் சத்தியம் செய்துவிட்டு எழுந்ததில்லை.

அவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். பழைய சிரிப்பு. ஒரு பேங்குக்குப் பத்திரம் பார்த்துக் கருத்து எழுதிக் கொடுக்கும் வேலை கிடைத்திருக்கிறதாம். வீட்டிலிருந்தே செய்யலாமாம்.

"அது உனக்குப் போதுமாம்மா?"

"மாமாவுக்குச் சம்மதம் மேடம். அலைச்சல் இல்ல."

"நான் உன்னையக் கேட்டேன்."

அவள் முகத்தையே பார்த்தாள். நான் இந்த முறை வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். நேரம் போனது. உள்ளே பால் பொங்கும் சத்தம் கேட்டது.

"போதாது மேடம்" என்றாள்.

"அப்ப வா. அடுத்த வாரம் பெரம்பலூர்ல ஒரு சாட்சி இருக்கு. நீ பண்ணு. நான் அந்த ஊர்லயே இருக்க மாட்டேன். எங்கயாவது போயிடறேன்."

"நீங்க இல்லாட்டியும் அதேதான் மேடம். போன மாசம் ஒரு சின்ன கேஸுக்குப் போனேன், பெரம்பலூர்லதான், நீங்க லீவு. கேட்டுக்கிட்டே இருக்கேன், பின்னாடி யாரோ தண்ணி குடிக்க எழுந்தாங்க. நாற்காலி சத்தம் கேட்டுச்சு. நான் உக்காந்துட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க. காலு தன்னால மடங்கிருச்சு."

மன்னித்துவிடு என்று சொல்ல வாய் வந்தது. அதைச் சொன்னால் அவள் "பரவால்ல மேடம்" என்பாள், எனக்கு லேசாகிவிடும். அதனால் சொல்லவில்லை. காபியைக் குடித்தேன். கிளம்ப வேண்டும். சத்தம் வராமல் எழுந்திருக்கலாம் என்று இரண்டு கைப்பிடியையும் பிடித்து மெதுவாகத் தூக்கினேன். சிமெண்டுத் தரை. எவ்வளவு பார்த்துச் செய்தும் நாற்காலி கிறீச்சென்றது.

அவள் உடம்பு ஒரு கணம் தாழ்ந்தது. சட்டென்று கையை நீட்டிக் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"பாருங்க மேடம்" என்று சிரித்தாள், "இன்னிக்கு நின்னுட்டேன்."

நான் சிரிக்கவில்லை. நிலையைப் பிடித்த அவள் விரல்கள் வெளுத்துப்போயிருந்தன.